வாடிக்கையாளர் கருத்தைப் பதியும் செயலியை ஊழியர்கள் கைவிட்டுவிட்டார்கள்: எங்கே கோளாறு?

கேள்வி:
வணக்கம். கவுன்ட்டரிலும் தொலைபேசி உதவி மையத்திலும் வாடிக்கையாளர்கள் சொல்வதை ஊழியர்கள் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க ஒரு செயலி செய்து கொடுத்தோம். தொடக்கத்தில் பதிவுகள் குவிந்தன. இப்போது வருவது சொற்பம். அவையும் பெரும்பாலும் ‘மற்றவை’ பிரிவில், “வாடிக்கையாளர் அதிருப்தி” என்ற ஒற்றை வரியாக வருகின்றன. இதை வைத்து எதைத் திருத்துவது? படிவத்தில் தேதி, கிளை, பொருள், பிரிவு, உட்பிரிவு, தீவிரம், விவரம், பரிந்துரை எல்லாம் கட்டாயம். பயிற்சியும் அளித்தாயிற்று. பதிவுக்குப் புள்ளி, புள்ளிக்குப் பரிசு என்று மேலாளர் யோசனை சொல்கிறார். பலன் தருமா?

பதில் (உதவி மையக் குழுத் தலைவர்):
பரிசு அறிவித்தால் பதிவுகள் பெருகும். படிக்கத் தகுந்தவை பெருகா. பல மையங்களில் சராசரி அழைப்பு நேரக் கணக்கில், அழைப்பு முடிந்தபின் செய்யும் எழுத்து வேலையும் அடக்கம். உங்கள் படிவத்தைப் பொறுப்பாக நிரப்புகிறவரின் மதிப்பெண்தான் குறையும். சீக்கிரம் முடிய ‘மற்றவை’யை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். பதிவு நேரத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்குங்கள். தேதியும் கிளையும் கணினிக்கே தெரியும். இரண்டு கேள்விகள் போதும்: வாடிக்கையாளர் என்ன செய்ய முயன்றார்? அவர் சொன்ன சொற்கள் என்ன? பிரித்து வகைப்படுத்துவது தலைமை அலுவலகத்தின் வேலை.

பதில் (செயலி வடிவமைப்பாளர்):
படிவத்தைச் சுருக்குவது சரி, ஆனால் அதோடு தீராது. அமெரிக்காவில் 1976 முதல் விமானப் பாதுகாப்புக்கான அறிக்கை முறை ஒன்றை நாசா நடத்துகிறது. விமானிகள் தம் தவறுகளைக்கூட அதற்கு எழுதி அனுப்புகிறார்கள். அவர்கள் பெயரை நாசா நீக்கிவிடுகிறது; அறிக்கையை வாங்குவது தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்பும் அல்ல. கிடைத்த பாடங்கள் ‘கால்பேக்’ என்ற மாத இதழாக அவர்களிடமே திரும்புகின்றன. உங்கள் செயலியில் பதிவு முதலில் யார் கண்ணில் படுகிறது?

கேட்டவர்:
கிளை மேலாளர் கண்ணில். அவர் ஒப்புதல் அளித்தபிறகே மேலே போகும். பதிந்தவர் பெயரும் தெரியும். கிளையின் ஆண்டு மதிப்பீட்டில் புகார் எண்ணிக்கையும் உண்டு.

பதில் (செயலி வடிவமைப்பாளர்):
அப்படியானால் பதிவு குறைவதுதான் அந்த ஏற்பாட்டின் இயல்பு! தன் கிளைக்குக் கெட்ட பெயர் வாங்கித்தரும் பதிவை எந்த மேலாளர் விரும்புவார்? அந்த எண்ணிக்கையை மதிப்பீட்டிலிருந்து எடுக்காமல் வேறு எதைத் தொட்டும் பயனில்லை.

பதில் (கவுன்ட்டர் ஊழியர்):
நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். ஒரே குறையை ஆளுக்கொரு முறை எழுதுகிறோம். பிறர் எழுதியதைப் பார்க்க முடிந்தால் ‘என்னிடமும் சொன்னார்கள்’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிப்போம். அப்புறம், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலைத் தயவுசெய்து நீக்குங்கள். செய்யப்போவதில்லை என்றால் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். மறுமுறை அதே வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது அவருக்குப் பதில் சொல்லவாவது உதவும்.

கேட்டவர்:
நன்றி. ஒப்புதல் படியை நீக்கினால் தனக்கு எதுவும் தெரியாமல் போகும் என்று கிளை மேலாளர் தயங்குகிறார்.

பதில் (உதவி மையக் குழுத் தலைவர்):
அவருக்கு வாரம் ஒரு தொகுப்பு அனுப்புங்கள், பெயரில்லாமல். சிறிய கிளை என்றால் நாளையும் நேரத்தையும் மறையுங்கள்; அன்று கவுன்ட்டரில் யார் இருந்தார் என்று கண்டுபிடிக்க அதுவே போதும்.