மீசோதீலியோமா: 'உறைச்சவ்வுப் புற்று' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மீசோதீலியோமா (mesothelioma) என்பது உள்ளுறுப்புகளைப் போர்த்திய மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய். அதற்கு 'இடைத்தோலியப் புற்று' என்ற தமிழ்ச்சொல்லை நம் குழு ஐயா ஒருவர் முந்தைய மடலில் தந்திருந்தார். வேர்ச்சொல்படி சரிதான். ஆனால் நோயாளியின் வீட்டாருக்கு 'இடை' என்றால் இடுப்பு, 'தோல்' என்றால் மேல்தோல். இந்நோய் பெரும்பாலும் கல்நார் (asbestos) தூசால் வருவது என்றாலும் 'கல்நார்ப் புற்று' என்பதும் பொருந்தாது. அதே தூசு நுரையீரல் புற்றையும் உண்டாக்கும்.

இந்த நோய் பெரும்பாலும் நுரையீரலைப் போர்த்திய சவ்வில் வருகிறது; அடுத்து வயிற்றறைச் சவ்வில், அரிதாக இதய உறையில். மூன்றும் உறைகள்தாம். எனவே 'உறைச்சவ்வுப் புற்று' என்பது என் பரிந்துரை. முதலில் 'உறைப்புற்று' என்றுதான் எழுதினேன். வேகமாகப் படித்தால் உறைப்பு, காரம் என்று கண் போகிறது, விட்டுவிட்டேன்.

இந்தப் பெயரின் அருமை, கதிர்வீச்சு சிகிச்சையை விளக்கும்போது தெரியும். ஆரஞ்சுச் சுளையின் மேல் ஒட்டிய மெல்லிய தோலை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் முழுக்கக் கதிர் பட வேண்டும், உள்ளே சுளை கெடக்கூடாது. கட்டியை அடக்க 50 கிரே (Gy, கதிர் அளவின் அலகு) அளவுக்குத் தேவை. முழு நுரையீரலுக்கோ 20 கிரேயே தாங்காது. அதனால்தான் பெரும்பாலும் விலாவை அழுத்தி வலிக்கும் இடத்துக்கு மட்டும், உதாரணமாக 20 கிரேயை ஐந்தாகப் பிரித்து வைக்கிறார்கள். வலி தணிவதே நோக்கம். நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீரை வடிக்கக் குழாய் போட்ட துளையில் கட்டி முளைக்காதிருக்க முன்கூட்டியே 21 கிரேயை மூன்றாகப் பிரித்து வைப்பதும் உண்டு. எல்லாருக்கும் அப்படி வைப்பதில் பயனில்லை என்று 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது.

இப்படிப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு பங்கையும் (fraction) 'பின்னம்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அது கணக்குப் பாடம். 'தவணை' போதும்.

அப்புறம், radiotherapy-க்கு எழுதும் 'கதிரியக்க சிகிச்சை'. இதை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்துக்காக ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்தபோது நானும் அந்தச் சொல்லைத்தான் போட்டேன். படித்துவிட்டு மகள் கேட்டார்: "அப்பா உடம்பிலிருந்து கதிர் வருமா? குழந்தையைப் பக்கத்தில் விடலாமா?" வெளியே நிற்கும் இயந்திரம் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறது, அதை நிறுத்தியதும் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. கதிரியக்கம் என்பது அணு தானே சிதைந்து கதிரை உமிழ்வது. பேச்சில் 'கரண்டு வைப்பது' என்கிறார்களே, அதில்கூட இந்தப் பயம் இல்லை.

அன்றே 'கதிர்வீச்சு' என்று திருத்திக் கொடுத்தேன். அந்த மகள் தன் பையனைத் தாத்தாவின் மடியில் உட்கார வைத்தார்.