72-ஐ 300 ஆக்கினேன், படம் மங்கிப்போச்சு: 10×8 ஃபிளெக்ஸுக்கு எவ்வளவு ரெசல்யூஷன் வேணும்?

பந்தல்_தல்லாகுளம் கேட்டது:

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை தல்லாகுளத்துல நீர்மோர்ப் பந்தல் போடுறோம். முகப்புக்கு 10×8 அடி ஃபிளெக்ஸ் ஒண்ணு, கூடவே ஏ5 நோட்டீஸ். ரெண்டுக்கும் ஒரே படம், தங்கக் குதிரையில் அழகர். போன்ல எடுத்தது, 4000×3000 பிக்சல். ஃபோட்டோஷாப்ல ரெசல்யூஷன் 72 என்று காட்டுது. அச்சகத்துல 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி, கேட்டாங்க. இமேஜ் சைஸ்ல 72-ஐ அழிச்சு 300 போட்டேன். 4000 இருந்த இடத்துல 16667 வந்துச்சு, 34.3 எம்பி இருந்தது 596 எம்பி ஆச்சு, சிஸ்டம் திணறுது. பெரிசாக்கிப் பார்த்தா குதிரை முகம் மங்கலா இருக்கு. எங்கே தப்பு?

கோரிப்பாளையம்_டிசைன்:

தப்பு இமேஜ் சைஸ் பெட்டியில இருக்கிற ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாத்துற) டிக்கில்தான் இருக்கு தம்பி. அது டிக் ஆகியிருக்கும்போது 300 போட்டா, படம் அதே 55.56 இன்ச் அகலத்துல நிக்கணும், ஆனா இன்ச்சுக்கு 300 பிக்சல் வேணும்னு ஃபோட்டோஷாப் எடுத்துக்கும். இல்லாத பிக்சலைப் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து இட்டுக்கட்டி நிரப்பும். 1 கோடியே 20 லட்சம் பிக்சல் 20 கோடிக்கு மேல போயிடுச்சு. அதுல உங்க கேமரா பார்த்தது பழைய 1.2 கோடிதான்.

72 என்பது படத்தோட தரமே இல்லை. ஒரு இன்ச்சுக்குள்ள எத்தனை பிக்சலை அடுக்கணும்னு ஃபைலுக்குள்ள கிடக்கிற ஒரு குறிப்பு. கையில 4000 வாழை இலை இருக்கு. நெருக்கிப் போட்டாலும் தள்ளித் தள்ளிப் போட்டாலும் இலை 4000தான்.

ஊதின ஃபைலைத் தூக்கிப் போட்டுட்டு ஒரிஜினலைத் திறங்க. கன்ட்ரோல்+ஆல்ட்+ஐ அடிச்சா இமேஜ் சைஸ் பெட்டி வரும். முதல்ல ரீசாம்பிள் டிக்கை எடுங்க, அப்புறம் 300 போடுங்க. அகலம் 13.33 இன்ச், உயரம் 10 இன்ச் என்று மாறும். பிக்சலும் 34.3 எம்பியும் அசையாது. மாத்த வேண்டியது இவ்வளவுதான்.

இனி ஃபிளெக்ஸ். 10×8 என்பது 5:4, உங்க படம் 4:3. கிராப் பண்ணினா 3750×3000 மிஞ்சும். 3750-ஐ 120 இன்ச்சால வகுங்க: இன்ச்சுக்கு 31.25. பயப்பட வேண்டாம். பார்க்கும் தூரத்தை இன்ச்சுல எடுத்து 3438-ஐ அதால வகுத்தா, சாதாரணக் கண் பிரிச்சுப் பார்க்கிற எல்லை வரும். 10 அடி தூரத்துக்கு 29தான். கையில பிடிச்சு 1 அடியில் படிக்கிற நோட்டீஸுக்கு 287; கிட்டத்தட்ட 300. ஆஃப்செட் அச்சுல 150 லைன் ஸ்கிரீனுக்கு (இன்ச்சுக்கு 150 வரிசை அச்சுப் புள்ளி) அதோட ரெண்டு மடங்கு வைக்கிற வழக்கமும் அதே 300-க்குத்தான் வரும். முழு 10×8 அடிக்கு உண்மையிலேயே 300 வச்சா 36000×28800 பிக்சல். ஃபோட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல் அகலத்துலயோ உயரத்துலயோ 30,000 பிக்சலுக்கு மேல ஏத்துக்காது.

நோட்டீஸ்ல படம் 5×4 இன்ச் என்றால் உங்ககிட்ட இன்ச்சுக்கு 750 இருக்கு. இங்கே மட்டும் ரீசாம்பிளை டிக் பண்ணி, பக்கத்துப் பட்டியல்ல பைக்யூபிக் ஷார்ப்பர் (படத்தைச் சின்னதாக்குறதுக்கான முறை) வச்சு 300-க்கு இறக்குங்க, 1500×1200 வரும். குறைக்கிறதால தரம் கெடாது. ஆனா வேற பேர்ல சேவ் பண்ணுங்க. இந்தக் காப்பி தவறி ஃபிளெக்ஸுக்குப் போனா அவ்வளவுதான்.

ஆஃப்செட்_மேலூர்:

ஃபோட்டோஷாப் இல்லாதவங்களுக்கு: கிம்ப்ல இமேஜ் மெனுவில் பிரிண்ட் சைஸ் என்பது குறிப்பை மட்டும் மாத்தும், ஸ்கேல் இமேஜ் பிக்சலையே மாத்தும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இர்ஃபான்வியூல இன்ஃபர்மேஷன் பெட்டியிலேயே டிபிஐ-யைத் திருத்தலாம், ஆனா ஜேபெக்கைத் திரும்ப சேவ் பண்ணும்போது தரம் 95-க்குக் கீழே விடாதீங்க. பிஎன்ஜி-யில் 300 போட்டு 299.999 என்று காட்டினா அது கோளாறு இல்லை. அந்த ஃபார்மேட் மீட்டருக்கு இத்தனை பிக்சல் என்று முழு எண்ணாத்தான் எழுதும். 11811 என்று எழுதி, திரும்ப இன்ச்சுக்கு மாத்தினா அப்படித்தான் வரும்.

பந்தல்_தல்லாகுளம்:

ரொம்ப நன்றிண்ணே, டிக்கை எடுத்ததும் சரியாயிடுச்சு. எதிர்சேவைப் படம் (அழகரை மதுரையில எதிர்கொண்டு வரவேற்கிறது) இன்னொண்ணு வாட்ஸப்ல வந்தது, 1600×1200. அதை ஃபிளெக்ஸுக்கு முழுசாப் போடலாமா?

கோரிப்பாளையம்_டிசைன்:

நோட்டீஸுக்குப் போடலாம். 5:4-க்கு வெட்டினா 1500×1200, 5 இன்ச்சுக்கு சரியா 300. ஃபிளெக்ஸ்ல 12.5தான் வரும், ஒவ்வொரு பிக்சலும் 2 மி.மீ. அதைவிடக் கெடுதல் ஜேபெக் கட்டம். அது 8×8 பிக்சலா அமுக்கும், அழுத்தி அமுக்கின படத்துல அந்தக் கட்டம் 10 அடி ஃபிளெக்ஸ்ல 16 மி.மீ. சதுரமா அழகர் முகத்துல தெரியும். எடுத்தவரிடம் டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, ஒரிஜினல் அப்படியே வரும். கிடைக்கலைன்னா படத்தை 4×3 அடிக்கு மட்டும் வச்சு, இன்ச்சுக்கு 33 வரும், மிச்ச இடத்தை எழுத்துக்கும் கோபுர பார்டருக்கும் விடுங்க.

ஃபிளெக்ஸ்_செல்லூர்:

ஒரு விஷயம். ஃபிளெக்ஸ் வேலையில் அடியை இன்ச்சா வச்சு 10×8 இன்ச் பக்கத்துல டிசைன் பண்றது வழக்கம். அந்தப் பக்கத்துக்கு 300 கேட்டிருந்தா உண்மை அளவில் அது 25தான், உங்க 3750 பிக்சல் அங்கே 375 என்று காட்டும். எந்தப் பக்க அளவுக்கு 300 என்று கேட்டுக்கோங்க.

ஃபிளெக்ஸ் டிசைன் பண்ற கோரல்டிரா சாஃப்ட்வேர்ல படத்தை செலக்ட் பண்ணினா கீழே ஸ்டேட்டஸ் பாரில் இப்போதைய டிபிஐ ரெண்டு எண்ணா வரும். முழு அளவு பக்கத்துல 31×31 என்றால் சரி. 33×31 என்றால் கிராப் பண்ணாம 4:3 படத்தை 10×8-க்கு இழுத்துட்டீங்க, குதிரையும் அழகரும் ஒடுங்கி நெட்டையாயிருப்பாங்க. கண்ணுக்குச் சட்டுனு படாது, எண் காட்டிக் கொடுத்துடும்.

எழுத்தைப் படத்தோட சேர்த்து ஜேபெக் ஆக்காம கோரல்லயே அடிச்சு கன்ட்ரோல்+கியூ கொடுத்து கர்வ் ஆக்குங்க, எழுத்து வெறும் வடிவமா மாறிடும், ஃபான்ட் தேவைப்படாது. கர்வ் ஆக்காம, பாமினி என்கிற தமிழ் ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல திறந்தா ஊர்ப் பேர் ஆங்கில எழுத்துக் குப்பையாயிடும். நாலு பக்கமும் 3 இன்ச் சும்மா விடுங்க, அது ரீப்பர் மரச் சட்டத்துல மடிச்சு ஆணி அடிக்க.