கிரீஸ் ட்ராப் சுத்தம், ஆய்வுக்கு வந்தவர்கள்: உங்கள் கடையில் நடந்ததைச் சொல்லுங்கள்

சென்னை, அசைவ உணவகம்:

எங்கள் கடையில் மதியம் பிரியாணி, ராத்திரி பரோட்டா சால்னா. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் தரையில் பதித்த ட்ராப், அதாவது கழுவிய தண்ணீரில் வரும் எண்ணெயையும் கசடையும் சாக்கடைக்குப் போகாமல் பிடித்து நிறுத்தும் தொட்டி, உள்ளே மூன்று அறை. மாதாமாதம் ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பி அள்ளிக்கொண்டு போவார், நாம் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அதோடு சரி. இந்தத் தொழிலில் பாதிப் பேர் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

போன வருஷம் ஆய்வுக்கு வந்த மேடம் பதிவேட்டை ஒரு புரட்டுப் புரட்டி ஓரமாக வைத்துவிட்டு, "மூடியைத் திறங்க, ஒரு கம்பு கொடுங்க" என்றார். ஒட்டடைக் கம்புதான் கைக்குக் கிடைத்தது, அதில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கொடுத்தோம். மெதுவாக அடிவரை விட்டு எடுத்தார். துணியின் மேல்பக்கம் இரண்டு விரல் கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு, அதற்குக் கீழே கலங்கல் தண்ணீர் நனைத்த தடம், அடியில் ஒரு சாணுக்கு மேல் கறுப்புச் சேறு. ஒப்பந்தக்காரர் ஆள் வந்துபோனது அதற்கு முந்தின வாரம்! மேலே மிதப்பதை மட்டும் வழித்து எடுத்துவிட்டு அடியைத் தொடாமலே போயிருக்கிறார்கள்.

மேடம் திட்டவில்லை, பொறுமையாகச் சொன்னார். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து மொத்த ஆழத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால்தான் எண்ணெய் பிரிந்து மேலே வரும். அடியில் சேறு இடத்தை அடைத்துக்கொண்டால் வந்த தண்ணீர் வந்த வேகத்திலேயே எண்ணெயோடு வெளியே போய்விடும். ட்ராப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அப்புறம் வெளியேறும் தண்ணீரை மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஆய்வகத்துப் பையன் கண்ணாடிப் பாட்டிலோடு வந்தான், பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். பொதுச் சாக்கடையில் விட லிட்டருக்கு 20 மில்லிகிராம் எண்ணெய்தான் வரம்பு, ஆறு ஏரி மாதிரி நீர்நிலையில் விடுவதென்றால் 10. இப்போது லாரி கிளம்பும் முன் நானே கம்பை விட்டுப் பார்க்கிறேன். டிரைவர் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும்.

கோவை, சைவ ஹோட்டல்:

அண்ணே, உங்களுக்குக் கொழுப்பு, எங்களுக்கு மாவு. எங்கள் முதலாளி "நாம சைவம்தானே, ட்ராப் எல்லாம் எதுக்கு" என்று கேட்ட ஆள். கிரைண்டர் கழுவிய தண்ணீர், சோற்றுப் பருக்கை, சாம்பார்ப் பருப்பு, தேங்காய்த் திப்பி எல்லாம் அடியில் போய் உட்கார்ந்து, காற்றில்லாமல் புளித்து, மூடியைத் திறந்தால் கண் எரியும். எண்ணெயைவிட எங்களுக்கு அந்தக் கசடுதான் தலைவலி. ஆள் அனுப்பும் கம்பெனியை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, என்னைக் கேட்டால், சிங்க்குக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். தட்டையும் பாத்திரத்தையும் வழித்துக் கொட்டிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும், சிங்க்கில் வடிகட்டிக் கூடை இருக்க வேண்டும். கிரைண்டர் தண்ணீரைத் தனி அண்டாவில் பிடித்து வைத்தால் கழுநீருக்கு வரும் மாட்டுக்காரர் சந்தோஷமாக எடுத்துப் போகிறார். கூடை வைத்த பிறகு கிளீனர் பசங்க "தண்ணி மெதுவா போகுது" என்று அதைக் கழற்றி எறிவார்கள், அதற்கு மட்டும் தினமும் ஒரு சண்டை.

இன்னொன்று, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரைப்பது. எங்கள் மாஸ்டருக்கு அது பெருமை. உருகியது ட்ராப்பைத் தாண்டி, தெருவில் இருக்கும் சாக்கடைச் சேம்பர் தொட்டியில் ஆறி உறைகிறது. மார்கழி மாசத்தில் டால்டாவும் நெய்யும் போன வழியெல்லாம் வெள்ளையாகப் படியும். பக்கத்து டீக்கடைக்காரர் வந்து சத்தம் போட்டபோதுதான் மாஸ்டர் நம்பினார். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் எமல்சிஃபையர் சேர்த்த திரவங்களும் இதே வேலைதான், அடைப்பைக் கரைப்பதில்லை, அடுத்தவன் வாசலுக்குத் தள்ளுகிறது. லண்டனில் வைட்சேப்பல் பக்கம் 2017இல் சாக்கடைக்குள் 130 டன் எடையில் 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்புக் கட்டி கிடந்ததே, அதுவும் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி விட்டதில் சேர்ந்ததுதான்.

மதுரை, மண்டபச் சமையல் ஒப்பந்தம்:

நான் சொல்வது வேறு மாதிரி. முகூர்த்த நாள், மூவாயிரம் இலை, பந்தி நடுவில் கழுவும் இடத்தில் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. மண்டபத்தில் சமையலறைக் கழிவும் கழிவறைத் தண்ணீரும் ஒரே நிலத்தடித் தொட்டியில்தான் விழுகிறது. மண்டபத்துக்காரர் கூப்பிட்ட ஆள் ஒரு சின்னப் பையனைக் கூட்டிவந்து, இடுப்பில் கயிறு கட்டி இறக்கப் பார்த்தார். முகத்துக்குக் கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. நான் மூடியை இழுத்துப் போட்டு அதன் மேலேயே நின்றுகொண்டேன். "சார், நேரமாகுது, அஞ்சே நிமிஷம்" என்கிறார். அந்தத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும், அதை நம்பி இறங்குபவர்கள்தான் சாகிறார்கள், காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் சேர்ந்து.

பாதுகாப்புக் கருவியும் ஏற்பாடும் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைப்பவர் யாரானாலும் முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காண்ட்ராக்ட்காரர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. சாக்கடையில் இறங்கி இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. அன்றைக்குக் கடைசி இரண்டு பந்திக்குப் பாத்திரத்தைக் கழுவாமல் வேனில் ஏற்றினோம். உறிஞ்சும் லாரி சாயங்காலம்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள், பணம் முழுசாக வந்துவிட்டது.

திருச்சி, சிற்றுண்டிக் கடை:

பொரித்த எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதை ட்ராப்பில் ஊற்றவே கூடாது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு உண்டாகும் போலார் காம்பவுண்டு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் கணக்குப் புத்தகமும் வைக்க வேண்டும். பயோடீசலுக்கு எடுப்பவர்கள் டின்னோடு வந்து பணம் கொடுத்தே வாங்கிப் போகிறார்கள். எங்களிடம் ஒருவர் "ட்ராப்பில் மிதக்கிறதையும் கொடுங்க, தனி ரேட்" என்று கேட்டார். என்ன செய்வீர்கள் என்றால் சிரித்து மழுப்பினார், நாங்கள் கொடுக்கவில்லை. அதைச் சூடு பண்ணி வடிகட்டித் திரும்பவும் யார் கடைச் சட்டியில் ஊற்றுவார்களோ!

சென்னை, அசைவ உணவகம்:

சரியாகச் செய்தீர்கள் தம்பி. ட்ராப் கசடுக்கும் இதே கேள்விதான், லாரிக்காரர் எங்கே கொண்டு போய்க் கொட்டுகிறார்? நான் இப்போது சுத்திகரிப்பு நிலையத்து ரசீதின் நகல் வந்தால்தான் பில் பாஸ் பண்ணுகிறேன். முதல் தடவை கேட்டபோது "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்றார். அடுத்த தடவை ரசீதோடு வந்தார், கூடவே ரேட்டையும் ஏற்றிக்கொண்டு.