சின்னப் பொட்டலம்: 20ஆம் பிரிவா, 27ஆம் பிரிவா?

கீழவாசல் வக்கீல் (தஞ்சாவூர்)

சட்டம், காவல், மருத்துவம் என்று இந்த வேலையில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி: தான் புகைக்கச் சின்னப் பொட்டலம் வைத்திருந்தவன் மேல் போதைப்பொருள் சட்டத்தின் எந்தப் பிரிவைப் போட வேண்டும்?

போன வாரம் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் மகனின் ஐ.டி.ஐ. சான்றிதழ், பாஸ்போர்ட் விண்ணப்பம், அவற்றோடு மடித்து வைத்த எஃப்.ஐ.ஆர். நகல். பையனுக்கு 19 வயது. குடமுருட்டிக் கரையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தவனின் சட்டைப் பையில் ஒரே ஒரு பொட்டலம், 12 கிராம் கஞ்சா. சிங்கப்பூர் வேலைக்கு ஏஜென்டிடம் முன்பணம் கட்டியாகிவிட்டது. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கே கோர்ட் அனுமதி வாங்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆரில் 20ஆம் பிரிவு போட்டிருக்கிறார்கள். அதாவது, வைத்திருந்த குற்றம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. தண்டனை ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே பையன் மீது 27, அதாவது உட்கொண்ட குற்றம் என்று எழுதியிருந்தால் 6 மாதம் வரைதான். ஆனால் நான் சொல்ல வருவது மாதக் கணக்கை அல்ல. இந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 18 வயது தாண்டியவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்கிறது. 26, 27 இரண்டு பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடுவித்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, ஸ்டேஷனில் ரைட்டர் எந்த எண்ணை எழுதுகிறார் என்பதில்தான் இந்தப் பையனின் அடுத்த பத்து வருஷம் இருக்கிறது.

என் கட்சி இதுதான்: விற்கிறவன் மேல் 20 போடுங்கள், வாதாட மாட்டேன். புகைக்கிறவன் மேல் 27 போடுங்கள்.

நாகை ஓய்வு எஸ்.ஐ.

வக்கீல் சார், மதுவிலக்கில் பாதி சர்வீஸைக் கழித்தவன் நான். உங்கள் கட்சிக்காரர் பையனைப் பற்றி எனக்குத் தெரியாது, அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'ஒரே ஒரு பொட்டலம்' என்ற வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டவன் நான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோவை 10 கிராமாகப் பிரித்தால் 100 பொட்டலம். விற்கிறவன் மூட்டையைக் கருவேலங்காட்டில் புதைத்துவிட்டு, பத்துப் பொட்டலத்தோடுதான் பைக்கில் சுற்றுவான். பிடித்தால் 'எனக்குத்தான் சார், நான் குடிப்பேன்' என்பான். சட்டப்படி அவனும் சிறு அளவு, உங்கள் பையனும் சிறு அளவு.

கோடியக்கரையிலிருந்து வேளாங்கண்ணி வரை கடற்கரை எங்களுக்குத் தெரியும். ஆந்திரப் பக்கத்திலிருந்து சாலையில் வரும் சரக்கு இங்கே படகு ஏறி இலங்கைக்குப் போகிறது. ஏற்றி இறக்குகிற கூலி எல்லா நேரமும் பணமாகக் கிடைப்பதில்லை, சரக்காகவும் கிடைக்கும். அதுதான் நம் ஊர்ப் பொட்டலம். என்னைக் கேட்டால் 1 கிலோ என்பதை 100 கிராமாகக் குறைக்க வேண்டும்.

27 போடுவதும் லேசில்லை. உட்கொண்டான் என்று நிரூபிக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு, இருக்கிற ஒரே ஜீப்பில், பெரியாஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? 20க்குப் பொட்டலம் ஒன்று போதும். அதனால்தான் 20 எழுதுகிறார்கள், பையன்மேல் கோபத்தில் இல்லை.

மன்னை டீச்சர்

இரண்டு பேரும் 19 வயதுக்காரனைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வகுப்பில் இருப்பவர்களுக்கு 14 வயது.

போன தையில் ஒரு பையனின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸ் வைக்கும் பள்ளத்தில், டீத்தூள் மாதிரி கசங்கிய இலை, கூடவே பீடிக் காகிதம். அவன் அழவே இல்லை, 'மிஸ், வீட்டில் சொல்லாதீங்க' என்று மட்டும் சொன்னான். அவன் அப்பா திருப்பூரில், அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். போலீசுக்குச் சொன்னால் பையன் பள்ளியை விட்டே நின்றுவிடுவான். சொல்லாவிட்டால், கொடுத்தவன் நாளைக்கு அடுத்த பையனுக்குக் கொடுப்பான். மூன்று நாள் தூக்கமில்லை எனக்கு.

சிறார் நீதிச் சட்டம் 2015இல் 77ஆம் பிரிவு, குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கு 7 ஆண்டு வரை என்கிறது. 78ஆம் பிரிவு, குழந்தையை வைத்துக் கடத்துகிறவனுக்கும் அதே அளவு. பள்ளியின் அருகில் விற்றால் அதைக் கூடுதல் கடுமைக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று போதைப்பொருள் சட்டத்தின் 32-பியிலேயே இருக்கிறது. இதெல்லாம் எங்களுக்கு நடந்த பயிற்சியில் சொன்னது. ஆனால் சைக்கிள் ஸ்டாண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் மேல் 77 போட்டு நான் பார்த்ததில்லை.

மனநல மருத்துவர் (அரசு, டெல்டா)

டீச்சர், அந்தப் பையனை வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். அம்மாவோடு வந்தால் போதும், போலீஸ் தேவையில்லை.

வக்கீல் சாருக்கு: போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு பற்றி நீங்கள் ஏன் எழுதவில்லை என்று யோசித்தேன். சிறு அளவு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்தே விலக்கு. 20 போட்டிருந்தாலும் பொருந்தும். நடுவில் நிறுத்தினால் விலக்கைத் திரும்பப் பெறலாம்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த விலக்கு 'அடிமையானவருக்கு' மட்டும். சட்டத்தின் 2ஆம் பிரிவு, சார்புநிலை உள்ளவர் என்று விளக்கம் சொல்கிறது. ஆற்றங்கரையில் நாலு தடவை இழுத்துப் பார்த்த 19 வயசுப் பையனுக்குச் சார்புநிலை இருக்காது. வழக்கறிஞர்கள் என்னிடம் வந்து 'டாக்டர், அடிக்ட் என்று ஒரு சீட்டு கொடுங்கள்' என்கிறார்கள். எப்படிக் கொடுப்பது? பொய் என்பது ஒரு பக்கம். அந்தச் சீட்டு நாளைக்கு அவனுடைய வேலைக்கும் கல்யாணத்துக்கும் எதிராக நிற்கும். நிஜமாக மூழ்கியவனுக்கு வழி இருக்கிறது, காலை நனைத்தவனுக்கு இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

போர்ச்சுகலில் 2001 முதல், பத்து நாள் சொந்த உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருப்பது குற்ற வழக்கு ஆவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் கொண்ட ஒரு குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். விற்பனை அங்கும் குற்றம்தான்.

அப்புறம், என் வார்டைப் பார்த்தால் கஞ்சாவை விடக் குடிதான் அதிகம். 2019இல் எய்ம்ஸ் மையம் வெளியிட்ட தேசிய ஆய்விலும் அப்படித்தான்: 10 முதல் 75 வயதுக்குள் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், கஞ்சா வகைகள் 2.8 சதவீதம். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ஒரு விவசாயக் கூலிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத நாற்றை இல்லாத சேற்றில் நட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் அவ்வளவு சரியாக நட்டன. அவர்மேல் எந்தப் பிரிவும் கிடையாது.

நாகை ஓய்வு எஸ்.ஐ.

டாக்டர் அம்மா, அந்தக் குழு இங்கே எந்தத் தாலுகா ஆபீசில் உட்காரும்? குடியைப் பற்றிச் சொன்னது உண்மை. வாஞ்சூர் தாண்டினால் காரைக்கால், அங்கே விலை குறைவு. இந்தப் பக்கம் சோதனைச்சாவடியில் நின்று பாட்டில் எண்ணியே எங்களுக்கு முதுகு வளைந்தது. ஆனாலும் சட்டம் தளர்ந்தால் முதலில் தெரிந்துகொள்கிறவன் வியாபாரிதான். இறுக்கித்தான் வைக்க வேண்டும்.

தோப்புத்துறைக்காரன்

ஐயா, இறுக்குவது பற்றி எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை.

எங்கள் வேதாரண்யம் பக்கம் புகையிலை போட்ட குடும்பம். அப்பா வாழ்நாள் முழுக்க அதை அடக்கிக்கொண்டிருந்த கன்னத்தில்தான் புற்று வந்தது. 2009. கடைசி இரண்டு மாதம் வலி. அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினை எழுதிக்கொடுங்கள் என்று ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டேன். 'அதுக்கு லைசென்ஸ் இல்லை, வைத்தால் எங்கள்மேல் வழக்கு வரும்' என்றார்கள். அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். துண்டு நூல் நூலாகப் பிரிந்துவிட்டது, அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1985 சட்டம் மார்ஃபினைத் தடை செய்யவே இல்லை. ஆனால் லைசென்ஸ் மேல் லைசென்ஸ், சின்னப் பிழைக்கும் சிறை. அந்தப் பயத்தில் மருத்துவமனைகள் வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் திருத்தம் கொண்டுவந்துதான் 'அத்தியாவசியப் போதை மருந்து' என்று தனியே பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை சுலபமாக வாங்கி வைக்க வழி செய்தார்கள். அப்பாவுக்கு அது ஐந்து வருஷம் தாமதம். கடத்துகிறவனை நினைத்துத்தான் இறுக்கினார்கள். கழுத்து எங்களுடையது.

குடந்தை மெடிக்கல்

தோப்புத்துறை நண்பருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிக்கவும்.

மருந்துக்கடைக்காரனாக ஒரு வார்த்தை. கஞ்சாவைப் பற்றிப் பேசும்போது மாத்திரை பின்னால் போய்விடுகிறது. டிராமடால் என்ற வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பையன்கள் உடனே வேறு வலி மாத்திரைக்கு மாறினார்கள். இரவு கடை சாத்தும் நேரம் வருவார்கள், போனில் ஒரு சீட்டின் படம், தேதியின் மேல் விரலை வைத்து மறைத்துக் காட்டுவார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்கிற எச்1 பட்டியல் மருந்துக்கு டாக்டர் பேர், நோயாளி பேர், அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைக்க வேண்டும். நான் எழுதுகிறேன். நோட்டை எடுத்தாலே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். இன்னொரு சட்டம் வேண்டாம், இந்த நோட்டை எல்லாக் கடையிலும் வந்து புரட்டிப் பாருங்கள்.

நாகை ஓய்வு எஸ்.ஐ.

தம்பி, உங்கள் அப்பா விஷயம் படித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதவில்லை. மருந்தை இறுக்கச் சொல்லவில்லை நான். 100 கிராம் என்று நான் சொன்னது பொட்டலத்துக்கு. அதை இன்னும் சொல்கிறேன்.

ஆனால் வக்கீல் சார் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். எடையை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. எங்களுக்குத் தெரிந்த அடையாளம் வேறு: காலி ஜிப் கவர், கைத்தராசு, பத்தும் இருபதுமாகச் சில்லறை, போனில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு அழைப்பு. இதில் ஒன்றும் இல்லாமல் 12 கிராம் மட்டும் என்றால், நான் ஸ்டேஷனில் இருந்திருந்தால் 27 போட ஒப்புக்கொள்வேன். பரிசோதனைதான் இடிக்கிறது.

மனநல மருத்துவர் (அரசு, டெல்டா)

ஐயா, ராத்திரி 11 மணிக்கே ஓட வேண்டியதில்லை. கஞ்சா ஒரு ராத்திரியில் உடம்பை விட்டுப் போகாது. எப்போதாவது புகைக்கிறவருக்கும் சிறுநீரில் சில நாள் தெரியும். கைது செய்தால் மருத்துவப் பரிசோதனை எப்படியும் உண்டு, மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோகும் முன் காலையில் அந்தச் சமயத்திலேயே சிறுநீர் மாதிரி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 'காயம் இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்புகிற பழக்கத்தை மாற்ற நான் என் பக்கத்தில் பேசுகிறேன்.

கீழவாசல் வக்கீல் (தஞ்சாவூர்)

சிறுநீரில் தெரிந்தாலும் அன்றைக்குப் புகைத்தான் என்று ஆகாதே என்று அரசுத் தரப்பிலிருந்தே கேட்பார்கள். இருந்தாலும் பையனே ஒப்புக்கொள்ளத் தயார். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. பிரிவை மாற்றக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாகை ஓய்வு எஸ்.ஐ.

அதெல்லாம் சரி. யாரிடம் வாங்கினான் என்று கேட்டீர்களா? சொன்னால் தனக்கே வினையாகும் என்று பயந்தால், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாக எடுக்கக்கூடாது என்று 2020இல் துஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டு வழக்குதானே அது.

கீழவாசல் வக்கீல் (தஞ்சாவூர்)

கேட்டேன் ஐயா. கோர்ட்டுக்குப் பயப்படவில்லை அவன். விற்றவன் வீடு அவன் தெருவிலேயே இருக்கிறது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் குழாய் அந்த வீட்டு வாசலில்தான்.