ஒரே பாடம், இரண்டு கல்லூரி: வளாகத்தை வைத்து எப்படி முடிவெடுப்பது?

கயல் (கேள்வி):
எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் இயற்பியல்தான், பாடத்திட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று நகரத்துக்கு நடுவில், ஒரே கட்டடம். வாசலைத் தாண்டினால் பேருந்து நிறுத்தம். இன்னொன்று ஊருக்கு வெளியே மரமும் ஏரியுமாக விரிந்து கிடக்கிறது. அங்கே பெரும்பாலும் எல்லோரும் விடுதிதான். பார்வையாளர் நாளில் இரண்டையும் சுற்றிப் பார்த்தேன். மனசு ஏரிப் பக்கம் சாய்கிறது. ஆனால் நான் சட்டென்று பழகுகிற ஆள் இல்லை, அங்கே தனியாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. படித்து முடித்தவர்கள் சொல்லுங்கள், எதைப் பார்க்க வேண்டும்?

வாசன்:
கயல், நானும் மரங்களைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். மரங்கள் அப்படியே இருந்தன. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆனால் விடுதி வாசலில் பைகள் வரிசையாக நிற்கும். ஆறு மணிக்கு எங்கள் மாடியில் 18 அறைகளில் மூன்றில்தான் விளக்கு எரியும். வீடு தூரம் என்பதால் அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. ஞாயிறு இரவு படிக்கட்டில் மறுபடி செருப்புச் சத்தம் கேட்கும் வரை யாரிடமும் பேசாமல் போன வாரங்கள் உண்டு.

பார்வையாளர் நாளில் இது தெரியவே தெரியாது. அன்றைக்கு எல்லோரும் இருப்பார்கள். அதனால் ஒரு சாதாரண நாளில் போய் இருட்டும் வரை இருங்கள், முடிந்தால் ஒரு சனிக்கிழமையும். கடைசி வகுப்பு முடிந்த பிறகு யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாம் வருஷம் எனக்கு அறை மாறியது. படிக்கட்டை ஒட்டிய அறை, எதிரே குடிதண்ணீர்க் குழாய். பாட்டில் நிறைவதற்குள் ஒருவர் கதவில் சாய்ந்து "நாளைக்கு ஆய்வகம் இருக்கா?" என்று கேட்பார். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பித்துவிடும். நான் மாறவில்லை, அறைதான் மாறியது. பின்னால் ஒரு பழைய ஆய்வைப் படித்தபோது இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று புரிந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் செய்தது, 1950இல் வெளியானது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்கள். அதே தளத்தின் இரு கோடியில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். மாடிப்படி, தபால் பெட்டி பக்கம் குடியிருந்தவர்களுக்கு மாடி வீட்டு நட்பும் அதிகம். உங்களைப் போல மெல்லப் பழகுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நீங்களாகத் தேடிப் போகாமலே ஆட்கள் எதிரே வருகிற இடமா என்று பாருங்கள்.

மீரா:
நான் நகரத்துக் கல்லூரியில் படித்தேன். வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் பேருந்துக்கு ஓடுவார்கள், நானும் ஓடினேன். நாடகக் குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்கென்று நாலு பேர் கிடைத்தார்கள். ஒத்திகைக்கு அறை கிடையாது, மூன்றாம் மாடி நடைபாதையில்தான் நடக்கும். எங்கே போனாலும் அறிவிப்புப் பலகை பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மாணவர்கள் கையால் எழுதி ஒட்டிய தாள்கள் இருக்கின்றனவா, இல்லை கட்டணத் தேதியும் தேர்வுச் சுற்றறிக்கையும் மட்டும்தானா? அப்புறம், நூலகம் எப்போது மூடுகிறது, விடுதிக் கதவு எப்போது பூட்டுகிறது, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். நூலகம் ராத்திரி வரை திறந்திருந்தும் எட்டு மணிக்கே விடுதிக்குள் இருக்க வேண்டும் என்றால் அந்த நூலகம் உங்களுக்கு இல்லை.

கயல்:
வாசன் அண்ணா, மீரா அக்கா, ரொம்ப நன்றி. அறிவிப்புப் பலகையை நான் கவனிக்கவே இல்லை. இந்தச் சனிக்கிழமை அப்பாவோடு ஏரிக் கல்லூரிக்குப் போகிறேன், இருட்டிய பிறகுதான் கிளம்புவோம். விடுதியில் எத்தனை விளக்கு எரிகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.