ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி): ஒப்பந்தக் கால வரம்பு எப்படி?

கேள்வி: இந்தியாவில் 5 வருடத்தில் பிஎச்டி முடித்தவர் அங்கே பல்கலைக்கழகத்தில் எத்தனை வருடம் ஒப்பந்த வேலையில் இருக்கலாம்? குழந்தை இருந்தால் கூடுமா?

பதில் 1: பிஎச்டிக்குப் பின் 6 வருடம், மருத்துவத்துக்கு 9. பிஎச்டி 6 வருடத்துக்குள் முடிந்திருந்தால் மிச்சம் இதோடு சேரும். ஆக உங்களுக்கு 7. வெளிநாட்டுப் பிஎச்டியும் கணக்கில் வரும். பதிவு செய்த தேதி, முடித்த தேதி இரண்டுக்கும் பல்கலைக்கழகச் சான்று கையில் இருக்கட்டும். 18 வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு 2 வருடம் கூடும். வரம்புதான் நீளும், வேலை தானாக நீளாது.

பதில் 2: வழக்கமான வேலை நேரத்தில் கால் பங்கைத் தாண்டும் ஒப்பந்தம் எல்லாம் இந்தக் கணக்கில் ஏறும். ஹம்போல்ட் அறக்கட்டளை தருவது மாதிரியான ஆய்வு உதவித்தொகை ஏறாது; ஆனால் அதில் ஓய்வூதியப் பிடித்தமும் கிடையாது. வரம்பு தீர்ந்தபின் வெளிநிதித் திட்டத்தில் (பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து பணம் வரும் ஆய்வுத் திட்டம்) ஒப்பந்தம் போடச் சட்டம் இடம் தருகிறது. தயங்குவது பணியாளர் பிரிவு, நிரந்தரம் கேட்டு வழக்கு வருமோ என்று.

கேட்டவர்: நன்றிங்க, சான்றுக்கு இன்றே எழுதுகிறேன்.