ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையுடன் கப்பல் பயணம்: போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பலில் போகிறோம், மாமாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி குடும்பத்தோடு ஒன்பது பேர், அதில் என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது.

கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு என்பதால் அறையை அங்கேயே எடுத்துவிட்டோம், தொட்டிலும் கேட்டு வைத்தாச்சு. என் கவலையெல்லாம் சாப்பாடுதான். பருப்பு சாதத்தை நெய் விட்டுக் குழைய மசித்து இளஞ்சூடாகக் கொடுத்தால்தான் வாயைத் திறப்பாள், ஆறிவிட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிவிடுவாள். அறைக்குக் கெட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள். சமையலறையில் சொன்னால் குழைந்த சோறு தருகிறார்களா? ராத்திரிப் பாலுக்கு வெந்நீர் எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், டயப்பர் போடும் பிள்ளைகளைப் பெரிய நீச்சல் குளத்தில் இறக்கக் கூடாதாம், நீச்சல் டயப்பர் போட்டாலும் சரி. தண்ணீரைக் கண்டாலே துள்ளுகிறவளை எங்கே விளையாட விட்டீர்கள்?

புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நின்றால் சிறு படகில்தான் கரைக்குப் போகணும். தள்ளுவண்டியோடு ஏற முடியுமா, இடுப்பில் தூக்கிக்கொள்வதே நல்லதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், ப்ளீஸ்.